கண்ணாடிக்குள்ளிருந்து வந்தவன்

பழைய கணினிகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. பழைய நிரல்களைக் கிண்டிப் பார்ப்பது என் பைத்தியம். திறந்த மூல மென்பொருள் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வில் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை உடையில் ஒருவன் ஓடுவான், தாவுவான், முள்குழியில் விழுந்து சாவான். ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். அந்த விளையாட்டுத்தான். ஆப்பிள் 2 கணினிக்காக 1989-இல் வெளிவந்த அதை எழுதியவர் ஜோர்டன் மெக்னர். தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அந்த அசைவுகளை ஒவ்வொரு படமாக வரைந்து கணினிக்குள் ஏற்றினார். இளவரசன் அவ்வளவு உயிரோடு ஓடுவது அதனால்தான்.

ஆனால் அந்த அசைவுகளே நினைவகத்தை விழுங்கிவிட்டன. சண்டை போட எதிரி வேண்டும். அவனை வரைய இடமில்லை. என்ன செய்தார் தெரியுமா? இளவரசனின் படத்தையே எடுத்து, ஒரு புள்ளி நகர்த்தி, அதன் மேலேயே வைத்து, இரண்டும் ஒத்துப்போகும் இடங்களை அழித்தார். மிஞ்சியது மினுங்கும் வெறும் விளிம்பு. நிழல் மனிதன் பிறந்துவிட்டான்! இளவரசன் கண்ணாடிக்குள் பாயும்போது மறுபக்கம் குதித்து ஓடுவானே, அவன்தான். கடைசியில் அவனை வெட்டினால் உங்கள் உயிரும் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அவனோடு ஒன்றாகிவிட வேண்டும். இடநெருக்கடியில் பிறந்தவன் கதைக்கே நாயகனாகிவிட்டான் பாருங்கள்.

இந்த விளையாட்டின் மூல நிரல் பல வருடம் காணாமல் கிடந்தது. 2012-இல் மெக்னரின் அப்பா ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பிகளைக் கண்டெடுத்தார். ஆர்வலர்கள் உதவியோடு அவற்றைப் படித்தெடுத்து, எல்லோரும் பார்க்க இணையத்தில் போட்டார் மெக்னர். விளையாட்டின் உரிமை எதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை; நிரலைப் படிக்கலாம், ஆராயலாம், மாற்றிப் பார்க்கலாம், அவ்வளவே. நான் அச்செடுத்து வைத்துப் படிக்கிறேன், வீட்டில் திட்டு விழுந்தாலும்.

‘டூம்’ விளையாட்டின் கதை வேறு. 1997-இல் ஜான் கார்மக் அதன் மூல நிரலை வெளியிட்டார். பின்பு அது, எவரும் மாற்றிப் பகிரலாம் என்ற ஜி.பி.எல். உரிமத்துக்கே வந்தது. ஆளாளுக்கு அதைப் புதிய இயந்திரங்களுக்கு மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். என் பட்டறைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் நிரல் படிக்கப் பழகியதே அதில்தான்.

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடிய விளையாட்டை இன்று ஆட, டாஸ்பாக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. பழைய கணினியையே மென்பொருளாக நடித்துக்காட்டும். விளையாட்டு தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோலோடு எஃப்11-ஐ அழுத்துங்கள், நிதானப்படும். ஃப்ரீடாஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள்.

நேயர்களே, உங்கள் பரணில் ஃபிளாப்பி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். காந்தப் பூச்சு கெடுமுன் தெரிந்தவரிடம் கொடுத்து நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்களே எழுதிய நிரல் ஏதாவது இருந்து, அதை ஊருக்கும் திறந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம்.