இடது காலுக்கு ஓய்வு

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவருள் பலர் இப்போது கிளச் மிதி இல்லாத, தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார்களை வாங்கி வருகின்றனர். நின்று நின்று நகரும் நெரிசலில் இடது முழங்கால் படும் பாட்டை அறிந்தவர் இதில் வியப்படையார். ஆனால் எளிய வண்டி என்பதனாலேயே, கற்க வேண்டியது ஒன்றுமில்லை என எண்ணிவிடுகிறோம்.

நாம் குடியிருக்கும் வளாகத்தில் சென்ற குளிர்காலத்தில் நிகழ்ந்தது இது. ஊரில் முப்பது ஆண்டுகள் கார் ஓட்டிய பெரியவர் ஒருவர், மகனது புதிய வண்டியைச் சற்றே பின்னுக்கு நகர்த்த முற்பட்டார். வண்டி தானாக ஊர்ந்தது. அவர் திடுக்கிட்டார். இடது கால் இல்லாத கிளச்சைத் தேடிற்று. வலது கால் பிரேக்கென்று எண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. மதிற்சுவர் இடிந்தது. அங்கே பந்தாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் அப்போதுதான் தண்ணீர் குடிக்கச் சென்றிருந்தனர். அதன்பின் பல வாரங்கள் பெரியவர் சாவியைத் தொடவில்லை. அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. பிரேக்கை விட்டவுடனேயே வண்டி ஊரத் தொடங்கும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே இரு மிதிகளுக்கும் வலது காலே உரியது. கிளச்சுக்குப் பழகிய இடது காலைப் பிரேக்கில் வைத்தால் அது அடிவரை அழுத்திவிடும்; வண்டி சடக்கென நிற்க, பின்னால் வருபவர் வந்து மோதுவார்.

கியர்த் தண்டின் அருகே பி, ஆர், என், டி என்னும் எழுத்துகள் இருக்கும். மொழிபெயர்ப்பு நம் தொழிலாதலின், நிறுத்தம், பின்னோக்கு, நடுநிலை, ஓட்டம் என்று பெயரிட்டுப் பார்த்தோம். 'நடுநிலை'தான் உறுத்துகிறது. சரிவில் நிற்கும் வண்டி நடுநிலையில் எப்பக்கமும் சாராதிராது; பள்ளத்தின் பக்கமே சாயும்.

பிரேக்கை மிதித்துக்கொண்டே என்ஜினைக் கிளப்புக. ஆர், டி இரண்டிற்கும் இடையே மாற்றுமுன் வண்டி முற்றும் நின்றிருத்தல் வேண்டும். முசூரி, சிம்லா மலைகளிலிருந்து இறங்குகையில் பெட்ரோல் மிச்சமாகுமென்று என்னில் தள்ளாதீர்கள். கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால், இக்கால என்ஜின்கள் இறக்கத்தில் எரிபொருளைத் தாமே நிறுத்திவிடுகின்றன. என்ஜினும் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. என்னிலோ முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். எல் அல்லது கைவழி மாற்றும் எம் இருந்தால் கீழ்க் கியரை நாடுக.

நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு. பிரேக்கை மிதித்தவாறே என்னுக்கு மாற்றிக் கைபிரேக்கை இழுக்க வேண்டும். காலைத் தளர்த்தி, பாரம் கைபிரேக்கில் அமர்ந்தபின் மீண்டும் மிதித்துப் பிக்குப் போகலாம். பியில் வண்டியைப் பிடித்திருப்பது கியர்ப்பெட்டியினுள் உள்ள ஒரு சிறு இரும்புப் பல்லே. சரிவில் முழு எடையையும் அதன்மேல் சுமத்துதல் தகாது.

2014ஆம் ஆண்டில் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. வகையின் செய்தி வேறு. அதில் உள்ளது பழைய கிளச்சும் கியருமே. இயக்குவது மட்டும் பொறி. இவ்வகையில் பலவற்றுக்குப் பி கிடையாது. கியரில் விட்டு என்ஜினை அணைத்துக் கைபிரேக்கை இழுக்க வேண்டும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே நிற்கவைத்தால் கிளச் தீய்ந்துபோகும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை அப்பெரியவரை வெற்று மைதானமொன்றுக்கு அழைத்துச் சென்றோம். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், பிரேக்கைத் தளர்த்தியும் அழுத்தியுமே அரைமணி நேரம் வண்டியை ஊரவிட்டார். இடது காலை இருக்கையோடு ஒட்டி மடித்து வைத்திருந்தார்.