ஜப்பானிய உச்சரிப்பு: 'க'வுல மாட்டிக்காதீங்க

ஜப்பானிய உயிரொலி அஞ்சுதான்: அ, இ, உ, எ, ஒ. ஆனா குறில் நெடிலானா அர்த்தமே மாறிடும். 'ஒபஸன்' அத்தை, 'ஒபாஸன்' பாட்டி. அத்தையைப் பாட்டின்னு கூப்பிட்டுப் பாருங்க, தெரியும்! கடைசி 'ன்' நமக்கு அரை மாத்திரை, அவங்களுக்கு முழுசா ஒண்ணு.

நாம மாட்டுறது 'க'வுல. பெர்சிமன் பழத்தோட பேரை 'ககி'ன்னு எழுதினா, 'பகல்'ல வர்ற மாதிரி 'க' மெலிஞ்சு, சாவிங்கிற வார்த்தை ஆயிடும். 'கக்கி'ன்னு எழுதினா ஒரு மாத்திரை கூடிடும். அதனால 'கல்'லோட 'க', 'கிளி'யோட 'கி', ரெண்டையும் தனித்தனியா சொல்லி, மெல்ல வேகத்தைக் கூட்டுங்க.

நம்ம வாணியம்பாடியில வீட்டுல உருது பேசுறவங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. அந்த ரெண்டு 'க'வுக்கும் உருதுல தனித்தனி எழுத்து. அவங்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்க.