வாளிக்காக விட்ட சந்து



நம் சிங்கப்பூர் சைனாடவுனைச் சீனர்கள் 'நியூ சே சுவி' என்பார்கள். மாட்டு வண்டித் தண்ணீர் என்று பொருள். மலாய்க்காரர்களுக்கு அது கிரேத்தா ஆயர், தண்ணீர் வண்டி. குழாய் வராத காலத்தில் ஆன் சியாங் குன்றுக் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் வந்தது. வண்டியின் பெயர் வட்டாரத்துக்கே நிலைத்துவிட்டது.

தண்ணீர் வந்த கதையைவிடக் கழிவு போன கதைதான் எனக்கு நெருக்கம். என் தாத்தா சாக்கடை வேலை பார்த்தவர். சைனாடவுனில் பல கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. பின்வாசல் இல்லாததால் மலவாளியை வீட்டுக்குள்ளேயே தூக்கிவந்து முன்வாசல் வழியாக வெளியேற்ற வேண்டியிருந்தது. 1907-இல் சுகாதார ஆய்வறிக்கை அளித்த மருத்துவர் சிம்சன், வீடுகளுக்கு இடையே பின்சந்து வெட்டச் சொன்னார். 1927-இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி அந்த வேலையை எடுத்துச் செய்தது. வாளி முறை ஒழிய 1987 ஆயிற்று. இன்று கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் ஆழ்சுரங்கத்தில் கழிவுநீர் தன் சரிவிலேயே ஓடுகிறது. சுத்திகரித்ததில் ஒரு பகுதி புதுநீராகத் திரும்பி வருகிறது.

போன மாதம் விடியற்காலையில் டெம்பிள் ஸ்திரீட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். சாக்கடை மூடி திறந்திருந்தது. புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் வாயுமானியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்கப் போனேன். "ஐயா, தள்ளி நில்லுங்க. இன்னும் காத்து பாக்கல" என்றார். கண் மானியை விட்டு நகரவில்லை. அவருக்குப் பின்னால் லாரி நின்றது. வாளிக்காக விட்ட சந்தில்தான் அந்த லாரிக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

இன்று பொறியியல் பட்டம் வாங்கும் பிள்ளைகளே, செலவைக் குறைக்கச் சொன்னால் வரைபடத்தில் முதலில் சுருங்குவது இந்த இடம்தான். ஏணி இறங்கும் அகலம், ஆள் திரும்பும் இடம், லாரி நிற்கும் மூலை. முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவிட்டேன். உங்கள் கையெழுத்து விழும் வரைபடத்தில் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். சண்டை போடுங்கள்.

அன்று ஏழு மணிக்கு மூடியைப் போட்டார்கள், தரையைக் கழுவினார்கள். எட்டு மணிக்கு அந்த மூடியின் மேல் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.