கோழிக்கும் அம்மை குத்துங்கள்



வீட்டுக்கொல்லையில் பத்துக் கோழி நின்றால், அது தாய்மார்களின் கைச்செலவுக்கு ஆன பணம். அந்தப் பணத்தில் கை வைக்கும் நோய்களில் ஒன்று கோழி அம்மை. அதைத் தடுக்கும் வழியைப் பற்றி இன்று பேசலாம்.

கொண்டை, தாடி, கண் இமை, அலகோரம் ஆகிய இடங்களில் முதலில் சிறு கொப்புளம் வரும். பிறகு கறுத்த பொருக்காகக் காய்ந்துவிடும். இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டால் குஞ்சுக்குத் தீனி தெரியாது, பட்டினியாலேயே போய்விடும். இன்னொரு வகையில், வாயிலும் தொண்டையிலும் மஞ்சள் படலம் படரும். கோழி மூச்சுத் திணறிச் செத்துப்போகும். முட்டைக்கோழிக்கு வந்தால் முட்டை குறையும்.

இது வைரஸ் நோய். கொசுக்கடி மூலமும், கோழிகள் கொத்திக்கொள்ளும் காயங்கள் வழியாகவும் பரவும். மனிதருக்கு வரும் சின்னம்மை வேறு, இது வேறு. கோழியிடமிருந்து இது நமக்குத் தொற்றாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறோமே என்பீர்கள். பூசுங்கள், புண்ணுக்கு நல்லதுதான். ஆனால் உள்ளே இருக்கும் வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. முன்கூட்டித் தடுப்பதுதான் வழி.

அந்தத் தடுப்பு மருந்தைத் தோலில்தான் குத்த வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்குக் குஞ்சின் கண்ணில் சொட்டு விடுகிறோமே, அதுபோல இதை விட்டால் பலன் இராது. அம்மை வைரஸ் தோலில் வளர்வது. வீரியம் குறைத்த மருந்தையும் தோலில் வைத்தால்தான் அது பிடித்து, உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும். நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதல்லவா? அதுவும் இப்படித் தோலில் குத்தியதுதான். அந்தக் குத்தலால்தான் 1975-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் பெரியம்மை ஒழிந்தது. 1980-இல் உலகம் முழுவதுமே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

கோழிக்கு எங்கே குத்துவது? இறக்கையை விரித்துப் பிடித்தால், மடிப்பில் மெல்லிய சவ்வு தெரியும். இரண்டு முனை உள்ள ஊசியை மருந்தில் தோய்த்து, எலும்பு, சதை, இரத்தக்குழாய் எதிலும் படாமல் அந்தச் சவ்வில் ஊடுருவக் குத்த வேண்டும். ஒருவர் கோழியைப் பிடிக்க, ஒருவர் குத்தினால் நொடியில் முடிந்துவிடும். குத்தும் இடத்தில் ஸ்பிரிட் தடவாதீர்கள். மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸ் செத்துவிடும். மருந்து இறகில் சிந்தவும் கூடாது.

குஞ்சுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும்போது போடுவது நல்லது. சோர்ந்து கிடக்கும் கோழிக்குப் போட வேண்டாம். மருந்தை ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், வெயில் படக்கூடாது. கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து இருக்கும். ஐந்து கோழிக்காக ஒரு குப்பியை உடைத்தால் மீதி வீண்தானே? ஆகவே தெருவே சேர்ந்து ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்திலேயே வைத்திருங்கள். மீந்த மருந்தையும் குப்பியையும் கண்ட இடத்தில் எறியாமல், மருத்துவர் சொல்கிறபடி அழித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குத்தியதோடு வேலை முடியவில்லை. ஏழிலிருந்து பத்து நாளுக்குள் இறக்கையை விரித்துப் பாருங்கள். குத்திய இடத்தில் தடிப்போ பொருக்கோ இருந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று பொருள். இளங்கோழிகள் பலவற்றில் ஒன்றுமே இல்லையென்றால், மருந்து கெட்டிருக்கலாம், அல்லது குத்தியது சரியாக விழாமல் இருக்கலாம். மறுபடி குத்தத்தான் வேண்டும். முன்பே அம்மை வந்து தேறிய கோழிக்குத் தடிப்பு வராது, கவலை வேண்டாம்.

நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, குஞ்சு பொரித்த தேதியைச் சுவரில் குறித்து வைத்து, ஆறாவது வாரம் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.