நண்பரின் படங்களுக்கு நடுவே ஒரு நடை

1873-ஆம் ஆண்டு ரஷ்யாவில் விக்டர் ஹார்ட்மன் என்ற கலைஞர் திடீரென்று காலமானார். ஓவியர், கட்டடக் கலைஞர். வயது 39தான்.

இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி அவருக்கு நெருங்கிய நண்பர். செய்தி கேட்டு இடிந்துபோனார். ஹார்ட்மன் கடைசியாக பீட்டர்ஸ்பர்க் வந்திருந்தபோது இருவரும் தெருவில் நடந்து போயிருக்கிறார்கள். வழியில் ஹார்ட்மன் முகம் வெளுத்து, மூச்சுவிட முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார். ஏதோ படபடப்பு என்று நினைத்து, கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொள், போகலாம் என்று முசோர்க்ஸ்கி சொன்னாராம். அதை நினைத்து நினைத்து உருகி, பின்னால் ஒரு கடிதத்தில் எழுதினார். நண்பரைப் பறிகொடுத்த யாருக்கும் அந்த வேதனை புரியும்.

மறு ஆண்டு ஹார்ட்மனின் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். அதைப் பார்த்த முசோர்க்ஸ்கி, சில வாரங்களிலேயே பியானோவுக்கு ஓர் இசைத்தொகுப்பு எழுதி முடித்தார். 'கண்காட்சியில் சித்திரங்கள்' என்பது அதன் பெயர். அந்தப் படங்களை வைத்துப் பத்து இசைத்துண்டுகள். இடையிடையே ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வரும். அது படத்துக்குப் படம் நடந்து போகிற முசோர்க்ஸ்கியேதான். போகப் போக அந்த நடையின் சாயல் மாறுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நடைதான்.

கீவ் நகருக்காக ஹார்ட்மன் ஒரு பெரிய வாசல் வரைந்திருந்தார். அது கட்டப்படவே இல்லை. இசையில் அதுதான் கடைசிப் பகுதி; மணிகள் முழங்க நிமிர்ந்து நிற்கிறது. 1922-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இந்தத் தொகுப்பை முழு இசைக்குழுவுக்கு மாற்றி எழுதினார். முடிந்தால் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.