டாக்டர் எழுதாததை நாம் எழுதக் கூடாது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விலங்கியல் படிச்சிட்டு என்ன வேலை பார்க்கறே?" என்று ஊரில் இன்றும் கேட்கிறார்கள். "மெடிக்கல் கோடிங்" என்றால், ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் நம்மைப் போல உயிரியல் படித்தவர்கள் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் எழுதிய குறிப்பு நம் திரைக்கு வருகிறது. அதைப் படித்து, நோய்க்குரிய குறியீட்டு எண்ணைப் போடுகிறோம். அந்த எண்ணை வைத்துத்தான் இன்சூரன்ஸ் பணம் தருகிறது. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே இதற்குப் பயன்படுவது ஐசிடி-10-சிஎம் என்ற தொகுதி.

"பார்த்து டைப் அடிக்கறதுதானே?" என்று மாணவர்கள் கேட்கலாம். இல்லைங்க. ஒரே ஒரு நோயை எடுத்துக் காட்டுகிறேன்.

மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் போன்ற கடுமையான வலி மருந்துகளை ஓபியாய்டு என்கிறோம். ஹெராயினும் இந்தக் குடும்பம்தான். 2021ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் போதைப் பொருள் அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் ஓபியாய்டால் இறந்தவர்கள். அதனால் அந்தச் சொல்லுக்கே அங்கே ஒரு பயம் உண்டு.

இதற்கான குறியீடு எஃப் 11. அதில் மூன்று படி: தவறான பயன்பாடு எஃப் 11.1, டிபெண்டன்ஸ் எனும் சார்புநிலை எஃப் 11.2, வெறும் பயன்பாடு எஃப் 11.9. ஒரே சார்ட்டில் மூன்றையும் டாக்டர் எழுதியிருந்தால் சார்புநிலையை மட்டும் போட வேண்டும். இதுவரை சுலபம்.

இப்போது ஒரு கற்பனை நோயாளியைப் பார்ப்போம். அறுபது வயது அம்மா. முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆனவர். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன வேளையில் பல மாதமாக ஆக்ஸிகோடோன் சாப்பிடுகிறார். ஒரு வேளை தவறினால் உடம்பு நடுங்குகிறது, வியர்க்கிறது என்று சார்ட்டில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் என்ன நினைப்பான்? "நடுங்குதா? அப்ப டிபெண்டன்ஸ்தான். போடு எஃப் 11.20!"

போடக் கூடாது. நீண்ட நாள் ஓபியாய்டு சாப்பிட்டால் யார் உடம்பும் அதற்குப் பழகிவிடும். அது வேறு, மருந்துக்கு அடிமையாகி வாழ்க்கையே குலைவது வேறு. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல நூல் 11 அறிகுறிகளைச் சொல்கிறது. இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கு ஐந்து இருந்தால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் கடுமை. லேசானது எஃப் 11.10க்குப் போகும், மற்ற இரண்டும் எஃப் 11.20க்கு. ஆனால் டாக்டரின் மேற்பார்வையில் முறையாகச் சாப்பிடுபவருக்கு, மருந்து பழகிப்போவதையும் நிறுத்தினால் வரும் நடுக்கத்தையும் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று அதே நூல் சொல்கிறது. அந்த அம்மாவுக்கு, நீண்ட நாள் ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவர் என்ற இசட் 79.891தான் பொருந்தும்.

சிக்கல் எங்கே என்றால், டாக்டர்களில் சிலர் இந்த உடல் பழக்கத்தையும் "டிபெண்டன்ஸ்" என்றே எழுதிவிடுகிறார்கள். அகராதிப்படி போனால் அது நேராக எஃப் 11.20. குறிப்பின் மற்ற பகுதி வேறு கதை சொல்கிறதே என்று தோன்றினால், டாக்டருக்குக் கேள்வி எழுதி அனுப்ப வேண்டும். குவெரி என்போம். அதிலும் "இது அடிமைநிலைதானே?" என்று பதிலை வாயில் ஊட்டக் கூடாது. பணம் கூடும் குறையும் என்ற பேச்சே வரக் கூடாது. சார்ட்டில் இருப்பதை எடுத்துக்காட்டி, "உங்கள் மருத்துவக் கருத்தைத் தெளிவாக எழுதுங்கள்" என்று கேட்பதோடு நம் வேலை முடிந்தது.

ஏன் இவ்வளவு கவனம்? மெடிகேர் அட்வான்டேஜ் போன்ற திட்டங்களில் நோயாளிக்கு என்னென்ன நோய் என்பதைப் பொறுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வரும் தொகை மாறும். இல்லாத நோயைப் போட்டால் அது அரசுப் பணத்தில் மோசடி. அதைவிடப் பெரியது, அந்த அம்மாவின் பெயர். ஒருமுறை எஃப் 11.20 ஏறினால் அடுத்த டாக்டரும் அதைப் பார்ப்பார்; உண்மையான வலியோடு போனாலும் சந்தேகக் கண்ணோடு பார்க்கலாம். பயத்தில் மருந்தைத் திடீரென்று நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று அமெரிக்க எஃப்டிஏ 2019இல் எச்சரிக்கையே விட்டது.

மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே நோய் இருப்பவருக்கு, "பாவம், பெயர் கெடும்" என்று நாம் இரக்கப்பட்டு விட்டுவிட்டால், ப்யூப்ரெனார்ஃபின் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் அனுமதி கிடைப்பதே சிக்கலாகும். மீண்டு வந்தவருக்கு எஃப் 11.21 என்று தனிக் குறியீடு இருக்கிறது. சிகிச்சை மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே மீண்ட நிலையில் இருக்கலாம். ஆனால் அதையும் டாக்டர்தான் எழுத வேண்டும். மாதத்தை எண்ணி நாமே தீர்ப்புச் சொல்ல முடியாது. கூட்டவும் உரிமை இல்லை, குறைக்கவும் உரிமை இல்லை.

தம்பி தங்கைகளே, இந்தத் தொழிலுக்கு வர விரும்பினால் உடற்கூறும் உடலியலும் மருந்தியலும் ஊன்றிப் படியுங்கள். நுண்ணோக்கியில் கண்டதை மட்டும் வரை, புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து வரையாதே என்று நம் ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அதே பாடம்தான் இங்கேயும். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் முடிக்கணும் என்று மேலிருந்து நெருக்குவார்கள். அந்த அவசரத்திலும் ஒரு குவெரிக்கு நேரம் ஒதுக்குங்கள். நாம் பார்க்கவே போகாத ஒருவருக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரிய உதவி.