மரை போறதுக்கு முன்னாடி: முன் டிஸ்க் பேட் மாத்தும்போது போல்ட் எவ்வளவு முறுக்கணும்?

நம்ம திருப்பூர்ல ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தை நினைச்சுப் பாருங்க. சம்பளம் வாங்கின மொத்த ஊரும் ரோட்டுல இருக்கும். அவிநாசி ரோட்டுல முன்னாடி போற டெம்போ திடீர்னு நிக்கும். அப்ப நம்மளைக் காப்பாத்தறது முன் பிரேக். அந்த காலிப்பரைப் பிடிச்சு வெச்சிருக்கறது பெரும்பாலும் ரெண்டே ரெண்டு போல்ட்.

போன வருஷம் நானே என் பைக்குக்கு பேட் மாத்தினேன். கழண்டுருமோன்னு பயம். ஸ்பேனர்ல ஒரு பைப்பைச் சொருகி அழுத்தினேன். இறுகிட்டே வந்த போல்ட், பொசுக்குனு லேசாயிருச்சு. மரை போச்சு! போல்ட் இரும்பு; அது ஏறுற ஃபோர்க் கால் அலுமினியம். தோத்தது எதுன்னு சொல்லணுமா? பேட் விலையைவிட, புது மரை போட்ட செலவுதான் அதிகம்.

மெக்கானிக் அண்ணன் கேட்டார்: "ஏந்தம்பி, ஓவர்லாக் மிஷின்ல ஊசி ஸ்க்ரூவை இப்படித்தான் முறுக்குவியா?" சுருக்குனு இருந்துச்சு. லூசா விட்டா ஊசி இறங்கும், மீறி முறுக்கினா மரை போகும்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே.

கணக்கு எளிமைங்க. 20 செ.மீ. ஸ்பேனரோட நுனியில 15 கிலோ எடைக்குச் சமமா இழுத்தா, சுமார் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு. பைப் சொருகி நீளத்தை 40 ஆக்கினா, அதே இழுப்புக்கு 60. பல பைக்குகள்ல 8 மி.மீ. காலிப்பர் போல்ட்டுக்கு 25-லிருந்து 30 வரைதான் கேட்பாங்க. பேட் பின்னுக்கு அதைவிடக் குறைவு. உங்க பைக்கோட சரியான எண் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். அதைப் பார்த்து டார்க் ரெஞ்ச்ல வையுங்க; 'டிக்'னு சத்தம் வந்ததும் நிறுத்திருங்க.

இப்ப வரிசை. காலிப்பர் வண்டியில இருக்கும்போதே பேட் பின்னை லேசா இளக்கிக்கங்க. அப்புறம் காலிப்பரைக் கழட்டுங்க. ஹோஸ்ல தொங்க விடாதீங்க. பிஸ்டனை மெதுவா உள்ளே தள்ளும்போது மேலே ஆயில் டப்பா வழியுதான்னு பாருங்க. வழிஞ்சா பெயிண்ட் போயிரும். புது பேட்டை வெச்சு, பின்னைக் கையாலேயே ஏத்துங்க. காலிப்பரை மாட்டி ரெண்டு போல்ட்டையும் விரலால ஏத்துங்க. விரலுக்கு ஏறலைன்னா மரை கோணலா பிடிச்சிருக்கு. கழட்டி மறுபடி ஏத்துங்க. மாத்தி மாத்தி இறுக்கி, கடைசியா பேட் பின்.

மரையில எண்ணெய் தடவாதீங்க. வழுக்கலா இருந்தா அதே எண்ணுக்கே போல்ட் அதிகமா இழுபட்டுரும். மேனுவல் கேட்டா மட்டும் த்ரெட் லாக் போடுங்க.

வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக் லீவரைக் கெட்டியாகற வரைக்கும் அழுத்துங்க. இதை மறந்தா முதல் பிரேக்கே பிடிக்காது. சந்துக்குள்ள மெதுவா ரெண்டு தடவை நிறுத்திப் பார்த்துட்டு, அப்புறம் மெயின் ரோட்டுக்குப் போங்க.

மரை ஏற்கெனவே போயிருந்தா, ஒரு போல்ட்டை நம்பி ஓட்டாதீங்க. தள்ளிட்டே ஒர்க்‌ஷாப் போங்க. நானும் அன்னைக்கு அப்படித்தாங்க போனேன்.